ஏரியின் அடியில் ஒரு படி

உங்கள் அக்காவுக்கு அம்மாள் வருத்தம் வந்திராவிட்டால் நாங்கள் அந்த ஏரியைப் பார்த்தே இருக்க மாட்டோம். நாங்கள் அம்மாள் வருத்தம் என்று சொல்வதைத்தான் நீங்கள் பள்ளிக்கூடத்தில் சிக்கன் பொக்ஸ் என்கிறீர்கள். மகனே, உனக்கு அப்போது மூன்று வயது. முதலில் உனக்குத்தான் வந்தது. முதுகில் நாலைந்து கொப்புளம் போட்டுவிட்டு உன்னை விட்டுப் போய்விட்டது. உன்னிடமிருந்து அக்காவுக்குத் தொற்றியபோது முகம், கை, கால், காதுக்குள் கூட விடவில்லை. சின்னவளே, நீ அப்போது பிறக்கவே இல்லை. அதனால் உனக்காகச் சில விஷயங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அண்ணா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஒன்று. லண்டன் பக்கம், இல்ஃபோர்ட்டில் இதே வீடுதான். உங்கள் அம்மா ஈஸ்ட்ஹாம் கடையில் வேப்பிலை வாங்கி வந்து அக்காவின் தலையணையைச் சுற்றிப் போட்டார். வீட்டில் மீன் இறைச்சி கிடையாது, தாளிக்கிற மணம் கூட எழும்பக் கூடாது. யாராவது கதவைத் தட்டினால் அம்மா வாசலிலேயே நின்று, "அம்மாள் வந்திருக்கிறா, பேந்து வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த வாரம்தான் அக்காவின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இங்கிலாந்தின் வடமேற்குப் பக்கம் ஒரு ஏரியைப் பார்க்கப் போனார்கள். அக்காவுக்குப் பதினைந்து வயது. பாடங்களுக்குள் புவியியல்தான் அவளுக்கு உயிர். ஒரு ஏரி எப்படி உண்டானது, அதன் அடி எப்படி இருக்கிறது, அதைச் சுற்றி இருப்பவர்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் பார்த்து, அளந்து, கேட்டு எழுத வேண்டும். கோர்ஸ்வேர்க் என்பார்கள். கடைசிப் பரீட்சை மார்க்கில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. பஸ் புறப்பட்ட காலையில் அக்கா போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள்.

அவளுடைய ஆசிரியை நல்லவர். தொலைபேசி எடுத்து, "கவலைப்படாதே, தோழிகள் அளந்த கணக்கை வாங்கி அதை வைத்து எழுதலாம்" என்று சொன்னாராம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"அவையின்ரை நம்பரை வைச்சு நான் என்னெண்டு எழுதிறது அப்பா? நான் அந்த லேக்கைப் பாக்கவே இல்லையே."

"ரீச்சரே ஓம் எண்டு சொல்லிப் போட்டாதானே பிள்ளை."

"அவ சொன்னால்? நான் அளந்தன் எண்டு நான் எப்பிடி எழுத ஏலும்?"

 நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அக்கா வளர வளர அவளுடைய புத்தகங்களில் எனக்கு விளங்குகிற பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆறாம் வகுப்பு வரை பெருக்கல் கணக்குக்கு என்னிடம் வருவாள். அதன்பிறகு வருவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கார் ஓட்ட எனக்குத் தெரியும்.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

போர்வை விலகியது. கொப்புளம் போட்ட முகத்தில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. "உண்மையாவோ?"

"ஓம். வருத்தம் மாறட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டை மாத்திறன்."

அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பாதை தெரியுமோ?"

"காருக்குள்ளை றோட்டு மப் இருக்கு."

"போன முறையும் மப் இருக்கெண்டுதான் வெளிக்கிட்டனீங்கள். லூட்டனிலை கலியாணவீடு. அவை தாலி கட்டுற நேரம் நாங்கள் ஒக்ஸ்போர்ட்டிலை நிண்டனாங்கள்."

அக்கா சிரித்தாள். வருத்தம் வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வார்த்து, பொருக்கு உதிர்ந்து, பள்ளி விடுமுறையும் வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். மோட்டர்வேயில் போகும்போது அக்கா எனக்கு அந்த ஏரியின் கதையைச் சொன்னாள். அதை நான் உங்களுக்கு எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன்.

மிகப் பழைய காலத்தில் இந்த நாட்டின் பெரும் பகுதி பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது. நீங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பார்க்கிற பனி இல்லை. மலையை மூடுகிற அளவு தடிப்பான கட்டி. அது மெதுவாக நகரும். நகரும்போது கல்லையும் மண்ணையும் அரைத்துத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு பூமி சூடாகி, பனி வடக்கே பின்வாங்கியது. போகிற அவசரத்தில் சில இடங்களில் பெரிய பெரிய துண்டுகளை விட்டுவிட்டுப் போனது. அந்தத் துண்டுகளைச் சுற்றியும் மேலேயும் சரளைமண் மூடியது. கட்டி மெல்ல மெல்லக் கரைந்தது. கரைந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். அதுதான் ஏரி.

நான் வேலை செய்த மொத்த வியாபாரக் களஞ்சியத்தின் வாசலில், குளிர்காலத்தில் வழுக்காமல் தூவுவதற்கு ஒரு மணல் குவியல் இருக்கும். மீன் பெட்டி இறக்கும்போது ஐஸ் துண்டு ஒன்று அந்த மணலில் விழுந்தால், மத்தியானம் பார்க்கும்போது ஐஸ் இருக்காது, அது கிடந்த வடிவத்தில் ஒரு குழி இருக்கும். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்பா, அதேதான்! நான் அதை எழுதட்டோ?"

"எழுதன். ஆனால் மீன் பெட்டியெண்டு போடாதை."

ஏரி ஒரு கிராமத்துக்குப் பின்னால், வயலுக்கும் மாட்டுப் புல்வெளிக்கும் நடுவில் இருந்தது. கடைசித் திருப்பம் வரை கண்ணில் படவில்லை. திரும்பியதும் திடீரென்று தண்ணீர். ஒரு பக்கம் நாணல். ஒரு பக்கம் மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. எதிர்க்கரையில் மரங்கள் தண்ணீருக்கு மேலே குனிந்திருந்தன. நான் இறங்கியதும் முதலில் தேடியது அணையைத்தான். ஊரில் எனக்குத் தெரிந்த குளங்கள் எல்லாம் மனிதர் மண்ணைப் போட்டு அடைத்துக் கட்டியவைதான்.

"அணை எங்கை பிள்ளை?"

"அப்பா, காரிலை இவ்வளவு நேரமும் என்னத்தைக் கேட்டனீங்கள்? ஒருத்தரும் கட்டேல்லை."

"சரி, அப்ப ஆறு எந்தப் பக்கத்தாலை வந்து விழுது?"

"ஆறும் இல்லை. தண்ணி நிலத்துக்குக் கீழை இருந்துதான் வருது."

"அப்ப கிணறு எண்டு சொல்லு."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஓம். பெரிய கிணறு."

அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு தண்ணி கிடக்கு. ஒரு சனம் குளிக்குதோ? ஒரு துணி தோய்க்குதோ?" என்றார்.

முதலில் சாப்பாடு. அம்மாவிடம் அதில் விவாதம் கிடையாது. ஐஸ்கிறீம் பெட்டிகளில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முட்டைப் பொரியல், சம்பல் எல்லாம் வந்திருந்தன. சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா எழுந்து காரின் பின்கதவைத் திறந்தாள். 

"அப்பா, கயிறு எங்கை?"

"நீ எடுக்கேல்லையோ?"

"நீங்கள்தானே காரிலை வைக்கிறன் எண்டு சொன்னீங்கள்!"

ஆழம் அளக்கிற அந்தக் கயிற்றுக்கு அவள் முதல் நாள் பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து மீற்றருக்கு ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தாள். நுனியில் கட்டுவதற்கு ஒரு இரும்புக் குண்டும் வைத்திருந்தாள். இரண்டும் இல்ஃபோர்ட்டில் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா மிச்சச் சோற்றை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் சம்பல் கூட மறக்காமல் எடுத்தனான். என்னட்டைச் சொல்லியிருந்தால் சோத்துப் பெட்டியோடை வைச்சிருப்பன்."

அக்கா காரின் பின்கதவை மெல்லச் சாத்தினாள். முகத்தில் தழும்புகள் இன்னும் சிவப்பாக இருந்தன. கீழ் உதடு நடுங்கத் தொடங்கியது. இவ்வளவு தூரம் வந்து, தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு, தோழிகளின் கணக்கைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருப்பாள். 

காருக்குள் சாமான் கட்டுகிற நீல நைலோன் கயிறு ஒரு சுருள் கிடந்தது. அதை எடுத்தேன். சக்கரத்து நட்டுக் கழற்றுகிற இரும்பை அதன் நுனியில் கட்டினேன்.

"மீற்றர் இல்லாட்டி என்ன பிள்ளை, கை இருக்குதானே. பாகக் கணக்கிலை அளப்பம்."

"பாகமெண்டால்?"

இரண்டு கைகளையும் சிலுவை மாதிரி விரித்துக் காட்டினேன். ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மற்றக் கை நடுவிரல் நுனி வரை ஒரு பாகம். கிணறு எத்தனை பாகம், கடல் எத்தனை பாகம் என்றுதான் நாங்கள் சொல்வது. கயிற்றை இறக்கி, இரும்பு தரையில் தட்டியதும், தண்ணீர் மட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். இழுக்கிற கயிற்றைக் கையை விரித்து விரித்து எண்ண வேண்டும்.

"வீட்டை போய் பாகத்தை மீற்றராக்கலாம்" என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

படகு வாடகைக்கு விடுகிற பெண் ஒருவர் இருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் ஒரு கறுப்பு நாய். எங்கள் இருவருக்கும் லைஃப் ஜக்கற் மாட்டி, வாரை இழுத்து இறுக்கிவிட்டார். ஏரியின் குறுக்கே செம்மஞ்சள் மிதவைகள் ஒரே வரிசையில் போட்டிருந்தார்கள். படகுப் போட்டிக்குப் போட்டதாம். அக்காவுக்கு அது நல்ல வசதியாகப் போனது. ஒவ்வொரு மிதவையிலும் நின்று அளந்தால் ஏரியின் குறுக்கே ஒரு நேர்கோடு கிடைக்கும்.

அம்மா கரையில் நின்றுகொண்டார். "நான் வரேல்லை. இவனை ஆர் பிடிக்கிறது?" என்றார். உன்னைச் சாட்டாக வைத்துத்தான், மகனே. அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

நான் துடுப்பைப் பிடித்தேன். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டார்.

"அப்பா, நீங்கள் மற்றப் பக்கம் பாத்து இருக்கவேணும்."

"போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ?"

"ஓம். அப்பிடித்தான் வலிக்கிறது."

"அப்ப எங்கை போறமெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

"நான் சொல்லுவன்."

அப்படியே போனோம். அவள் சொல்ல நான் வலித்தேன். முதல் மிதவையில் அவள் இரும்பை இறக்கினாள். கயிறு தளர்ந்ததும் இழுத்து, கைகளை விரித்தாள். நான் பழக்கத்தில் "லாபம்" என்றேன்.

"லாபமெண்டால் எத்தினை?"

"ஒண்டு. எதை அளந்தாலும் முதலாவதை ஒண்டெண்டு சொல்லக் கூடாது, லாபமெண்டுதான் சொல்லவேணும்."

"அப்ப இந்த லேக் லாபம் ஒண்டரையோ?"

"சும்மா எண்ணு பிள்ளை."

கொண்டுபோன தாள் முதல் மிதவையிலேயே நனைந்து கிழிந்துவிட்டது. ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றின் மூடி அவளுடைய பையில் இருந்தது. கணக்கை அதில்தான் எழுதினாள். மிதவைக்கு மிதவை ஆழம் கூடியது. இரண்டு பாகம், மூன்று, நாலரை. தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. நடு மிதவையில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. இழுத்து எண்ணி முடித்தபோது ஆறரைப் பாகம்.

அக்காவின் விரல்கள் குளிரில் வெளுத்துப்போய் இருந்தன. வருத்தத்திலிருந்து எழும்பிய பிள்ளை. எனக்குத் துடுப்புப் பிடித்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"இஞ்சை வா, இடம் மாறுவம். நான் கயிறு பிடிக்கிறன், நீ வலி."

இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். படகு ஒரு பக்கம் சரிந்தது. நாங்கள் மற்றப் பக்கம் சாய்ந்தோம், அதுவும் எங்களோடு வந்தது. கரையிலிருந்து அம்மாவின் குரல் ஏரி முழுவதும் கேட்டது.

"இருங்கோ! இருங்கோ! ஐயோ, அம்மாளாச்சி! எழும்பாதேங்கோ எண்டு சொல்லுறன்!"

வாத்துகள் பறந்தன. நாய் குரைத்தது. தூண்டில்காரர் எழும்பியே விட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் தோளில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி மாறி உட்கார்ந்தோம். பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை.

மிச்ச மிதவைகள் எல்லாம் நான் அளந்தேன். கையை நன்றாக இழுத்து விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் சத்தமாகச் சொன்னேன். அக்கா வலிப்பதை நிறுத்தி மூடியில் எழுதிக்கொண்டாள்.

கரைக்கு வந்ததும் அவளுடைய மற்ற வேலை. ஏரி உங்களுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று கண்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். வீட்டில் நாலு வார்த்தை பேச யோசிக்கிற பிள்ளை, அங்கே முன்பின் தெரியாதவர்களை மறித்து மறித்துக் கேட்டதைப் பார்த்து நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பக்கத்து விவசாயி ஒருவர், மழை இல்லாத கோடையில் இங்கிருந்துதான் உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் இறைப்பதாகச் சொன்னார். படகுக்காரப் பெண், முந்தின காலத்தில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஐஸை வாளால் அறுத்து, பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் நிலத்துக்குக் கீழே ஒரு கிடங்கில் வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள் என்றும், கோடையில் விருந்துக்கு எடுப்பார்கள் என்றும் சொன்னார். நாணலை வெட்டிக் கூரை வேய்ந்தார்களாம். இப்போது அதில் பறவைகள் முட்டையிடுவதால் யாரும் தொடக் கூடாது. தூண்டில்காரர் தான் பிடித்த மீனைக் காட்டினார். கை நீளம் இருந்தது. காட்டிவிட்டு மெல்லக் குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "இஞ்சருங்கோ, ஏன் விட்டவர்? பழுதோ?"

"இல்லை அம்மா, அவை பிடிச்சுப் போட்டு விடுறவை" என்றாள் அக்கா.

"விடுறதெண்டால் பிறகென்னத்துக்குப் பிடிக்கிறது? அந்த மீனை நிம்மதியா இருக்க விட்டிருக்கலாமே. எங்களிட்டைத் தந்திருந்தாலும் ஒரு குழம்பு வைச்சிருப்பன்."

அக்கா அதையும் எழுதிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளில் அம்மா தைக்கிற நாடாவை எடுத்து என் கைகளை அளந்து கொடுத்தார். அம்மா அப்போது அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார், நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். என் பாகம் ஒரு மீற்றரும் எழுபத்திரண்டு சென்ரிமீற்றரும். அக்கா பாகங்களையெல்லாம் அதால் பெருக்கி, குசினியில் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்து, மிதவைக்கு மிதவை புள்ளி வைத்து ஏரியின் அடியைக் கோடாக வரைந்தாள். வரைந்தவள் திடீரென்று கத்தினாள்.

"அப்பா! ஓடி வாங்கோ!"

கோடு கரையிலிருந்து சரிந்து சரிந்து நடு மிதவை வரை கீழே போனது. அதற்கு அடுத்த மிதவையில் சட்டென்று மேலே ஏறி, அங்கிருந்து மறுபடி மெதுவாக இறங்கியது. ஏரியின் அடியில், சரி நடுவில், ஒரு படி.

"பாருங்கோ, ஒரு ஸ்டெப்! ரெண்டு ஐஸ் கட்டி கிடந்திருக்கு. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை கரைஞ்சிருக்கு. ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கேல்லை அப்பா, நாங்கள்தான்."

அந்தப் படியைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதினாள். படத்துக்கு நீல நிறம் தீட்டினாள். நான் அடுத்த நாள் வேலையில், இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது ஆட்களுக்குச் சொன்னேன். "ஏரிக்கு அடியிலை ஒரு படி இருக்கு. என்ரை மகள் கண்டுபிடிச்சவள். நான்தான் கயிறு பிடிச்சனான்." அவர்களுக்கு ஏரியும் விளங்கவில்லை, படியும் விளங்கவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அக்கா படத்தை அம்மாவிடம் காட்டினாள். அம்மா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் படி எந்த இடத்திலை?"

"நடு மிதவைக்கும் அங்காலை மிதவைக்கும் இடையிலை."

"நீங்கள் ரெண்டு பேரும் எழும்பி நிண்டு என்ரை உயிரை எடுத்த இடமோ?"

"ஓம், அங்கைதான். அங்கைதான் நாங்கள் மாறி..."

அக்கா நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"உன்ரை கைக்கு வெட்டின துணி அப்பான்ரை கைக்குப் போதுமோ?"

குசினிக் கதவுக்குப் பக்கத்தில் அக்காவைச் சுவரோடு நிறுத்தினோம். அவள் கைகளை விரித்தாள். அம்மா நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தார், மற்ற நுனி என்னிடம். அவளுடைய நடுவிரல் நுனியோடு என் பெருவிரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். விரலில் ஒரு பொருக்குத் தழும்பு இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பதை நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் நினைத்தேன்.

"ஒண்டரை மீற்றர். ஒரு நூல் கூட இல்லை" என்றார் அம்மா.

நடு மிதவை வரை அவள் பாகம் எண்ணியது அவளுடைய சின்னக் கைகளால். நாங்கள் அதையும் என்னுடைய கையால் பெருக்கிவிட்டோம், ஆள் மாறிய இடத்தில் படி வந்துவிட்டது. கிணற்றடியில் கயிறு பிடிக்கிறவர் ஒருவராகத்தான் இருப்பார், அதனால் இப்படி ஒரு பிழை வரலாம் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அக்கா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல நிறம் காய்ந்து அழகாக இருந்தது. அடியில் அந்தப் படி. அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இருக்கட்டும் பிள்ளை" என்றேன். "இவ்வளவும் எழுதிப் போட்டாய். ஆர் அங்கை போய் அளந்து பாக்கப் போகினம்?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அங்கை படி இல்லை அப்பா."

"எனக்கு விளங்குது. எண்டாலும்..."

"எனக்கும் அந்தப் படி விருப்பம்தான்." குரல் கொஞ்சம் உடைந்தது. "ஆனால் அது அங்கை இல்லை."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.  அக்கா அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து மடித்து ஒரு பக்கமாக வைத்தாள். புதிய கட்டத் தாள் ஒன்றை விரித்தாள். பிறகு கல்குலேற்றரை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் பெருக்குங்கோ. நான் புள்ளி வைக்கிறன். நான் அளந்ததை ஒண்டரையாலை, நீங்கள் அளந்ததை ஒண்டு தசம் ஏழு இரண்டாலை."

ஐஸ்கிறீம் மூடியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்து வாசித்துப் பெருக்கினேன். தசமப் புள்ளியை ஓரிடத்தில் அழுத்த மறந்துவிட்டேன்.

"அப்பா, அவ்வளவு ஆழமெண்டால் அதுக்குள்ளை தேம்ஸையே ஊத்தலாம். திருப்பிப் போடுங்கோ."

திருப்பிப் போட்டேன். அம்மா எங்களுக்குத் தேநீர் வைத்தார். நீ மேசைக்குக் கீழே இருந்து அவளுடைய பென்சிலைக் கேட்டு அழுதாய். அக்கா அழிறப்பரைக் கொடுத்து உன்னைச் சமாளித்தாள்.

கோடு இந்த முறை எங்கும் துள்ளவில்லை. சட்டியின் உட்புறம் மாதிரி வழவழவென்று இறங்கியது. நடு மிதவையைத் தாண்டியும் இறங்கியது. பழைய படத்தில் நடுவில்தான் ஆழம் கூட என்று இருந்தது. இப்போது அங்கே இல்லை. எதிர்க்கரைக்குக் கிட்ட, குனிந்த மரங்களின் பக்கமாக ஒரு மிதவையில், மற்ற எல்லாவற்றையும் விட ஒரு புள்ளி கீழே போய் நின்றது. அதன்பிறகு கோடு செங்குத்தாகக் கரைக்கு ஏறியது. அக்கா பென்சிலை அந்த இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதாவது உண்மையா இருக்குமோ அப்பா?"

"அது நான் அளந்தது."

"வடிவாப் பிடிச்சனீங்களோ? கயிறு சரிஞ்சு போகேல்லையோ?"

"நேராத்தான் போனது. இழுத்து விரிச்சுத்தான் அளந்தனான். ஆறு பாகம், பிழையில்லை."

அவள் கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்கைதான் ஆழம்" என்று சொல்லி, அந்தப் புள்ளியை அழுத்தி வைத்தாள். பிறகு நாற்காலியை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் செங்குத்துக் கரையைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.